ஏறியது நீங்களா, உங்கள் செல்போனா?

சைக்கிள் மறுபடியும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஒரு காலத்தில் ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் போய்வந்த வண்டி அது. ஸ்கூட்டர் வந்ததும் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. இன்று நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் விடியற்காலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கும்பலாகக் கிளம்புகிறார்கள். சர்க்கரை அளவு இறங்குகிறது, எடை குறைகிறது, ராத்திரி தூக்கம் வருகிறது. வைத்தியன் என்ற முறையில் எனக்கு இதில் பரம சந்தோஷம்.

ஆனால் சமீப காலமாக ஒரு புதுப் பேச்சைக் கேட்கிறேன். முன்பெல்லாம், "இன்னிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீங்க?" என்று கேட்பார்கள். இப்போது, "எத்தனை மீட்டர் ஏறினீங்க?" என்று கேட்கிறார்கள். கையில் கட்டிய வாட்ச்சும், சட்டைப் பையில் உள்ள செல்போனும் அந்தக் கணக்கைப் போட்டுத் தருகின்றன. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் மறுநாள் எவ்வளவு மிதிப்பது, காலையில் எத்தனை இட்லி சாப்பிடுவது என்றெல்லாம் முடிவு செய்கிறார்கள்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏற்றத்தை அளப்பது நல்ல பழக்கம். கிலோமீட்டரை மட்டும் எண்ணுவதைவிட ரொம்ப நல்ல பழக்கம். ஆனால் உங்கள் செல்போன் சொல்லும் ஏற்றம் வேறு, உங்கள் முழங்காலும் இருதயமும் ஏறிய ஏற்றம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டால் கஷ்டம் உடம்புக்குத்தான்.

ஏற்றம் என்றால் என்ன?

உயரம் வேறு, ஏற்றம் வேறு. உங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடியில் இருக்கிறது என்று வையுங்கள். தரையிலிருந்து சுமார் 9 மீட்டர் உயரம். ஒரு நாளில் பத்துத் தடவை இறங்கி ஏறினால் நீங்கள் ஏறிய மொத்தம் 90 மீட்டர். ராத்திரி படுக்கும்போது இருப்பதோ அதே மூன்றாவது மாடிதான்! இறங்கியதைக் கழிக்காமல், ஏறியதை மட்டும் கூட்டிக்கொண்டே போவதுதான் 'மொத்த ஏற்றம்'.

சைக்கிளுக்கும் இதே கணக்குதான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாலும், வழியில் இருந்த மேடுகள், பாலங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு மொத்தம் வரும்.

இது ஏன் முக்கியம்? சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிள், மொத்தம் 80 கிலோ. சமதரையில் காற்று எதிர்க்காமல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். அதே ஆள், 100 மீட்டர் போவதற்குள் 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வேகம் குறைந்தாலும் கால்கள் செய்யும் வேலை ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. "பத்தே கிலோமீட்டர்தானே டாக்டர் போனேன், ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது.

இன்னொரு கணக்கு. அந்த 80 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோக உடம்பு செலவழிப்பது சுமார் 80 முதல் 90 கலோரி. தசைகள் நான்கைந்து பங்கு செலவழித்தால்தான் ஒரு பங்கு வேலை நடக்கிறது. மீதி சூடாகவும் வியர்வையாகவும் போய்விடுகிறது. அதாவது, 100 மீட்டர் ஏற்றம் என்பது ஏறக்குறைய இரண்டு சின்ன இட்லி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பாதரசம் சொன்ன சேதி

உயரத்தை எப்படி அளக்கிறார்கள்? எங்கள் வைத்தியத்தில் பாதரசத்துக்குப் பெரிய இடம் உண்டு. உயரத்தை அளக்கும் வித்தையும் அந்தப் பாதரசத்தில்தான் தொடங்கியது. பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல், மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைய வேண்டும் என்று கணித்தார். அதைச் சோதித்துப் பார்க்கும்படி தம் அக்காள் கணவர் பெரியேயைக் கேட்டுக்கொண்டார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே, பாதரசக் குழாயோடு புய் த டோம் என்ற மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெரியே இன்னொரு குழாயை மலையடிவாரத்தில் ஒரு மடத்துத் தோட்டத்தில் வைத்து, அங்கிருந்த துறவி ஒருவரை நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் மலை ஏறினார். ஏன்? வானிலை மாறியும் பாதரசம் இறங்கலாம் அல்லவா? மலையால் இறங்கியதா, வானிலையால் இறங்கியதா என்று தெரிய வேண்டாமா? அந்த ஜாக்கிரதைதான் விஞ்ஞானம்.

இன்று நல்ல வாட்ச்சுகளிலும் சில செல்போன்களிலும் கடுகளவு காற்றழுத்தமானி இருக்கிறது. கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் சுமார் 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 மில்லிபார் குறையும். அதை வைத்து உயரத்தைக் கணக்கிடுகிறது. கருவி கெட்டிக்காரக் கருவிதான். ஒரு ஆள் உயரம் ஏறினாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் மடத்துத் தோட்டத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள அதற்கு ஒரு துறவி கிடையாது!

நம்முடையது போன்ற வெப்பப் பிரதேசங்களில் காற்றழுத்தம் தினமும் காலை 10 மணி வாக்கில் கூடி, மாலை 4 மணி வாக்கில் குறைகிறது. வித்தியாசம் சுமார் 3 மில்லிபார். அப்படிப்பட்ட வாட்ச்சைக் காலை 10 மணிக்குக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சாயங்காலம் 4 மணிக்குப் போய்ப் பாருங்கள். தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் வசதி அதில் இல்லையென்றால், 20, 25 மீட்டர் உயர்ந்திருப்பதாகக் காட்டும். மேஜை மலை ஏறிவிட்டது! புயல் சின்னம் உருவாகும் நாட்களில் கேட்கவே வேண்டாம். வாட்ச்சில் உள்ள சின்னத் துளையில் மழைத்துளியோ வியர்வையோ அடைத்துக்கொண்டாலும் கணக்கு தாறுமாறாகும்.

வானத்திலிருந்தும், வரைபடத்திலிருந்தும்

காற்றழுத்தமானி இல்லாத செல்போன்கள் இரண்டு வழிகளில் உயரம் சொல்கின்றன.

முதலாவது, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள். இவை நீங்கள் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்பதை நன்றாகவே சொல்லும். உயரத்தில்தான் தடுமாறும். காரணம் எளிது. செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலே இருக்கின்றன; காலுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. நாலு பக்கமும் ஆள் நின்றால் உங்கள் இடத்தைச் சரியாகச் சொல்லலாம். மேலிருந்து மட்டும் பார்த்தால் உயரத்தில் கணக்கு இழுக்கத்தான் செய்யும். மரத்தடியிலும், உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் இன்னும் மோசம்.

இரண்டாவது, வரைபடம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவிகிதத்தின் மேடுபள்ளங்களை ரேடார் மூலம் பதிவு செய்தது. இப்படிப்பட்ட பதிவுகளிலிருந்து, நீங்கள் போன பாதையின் உயரத்தை ஆப் எடுத்துக்கொள்கிறது. பிரமாதமான வேலைதான். ஆனால் அந்தப் பதிவில் பூமி 30 மீட்டர் அல்லது 90 மீட்டர் கட்டங்களாகத்தான் இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம். மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் செங்குத்தான பாறை, இன்னொரு பக்கம் அதலபாதாளம், நடுவில் சாலை. செல்போன் உங்களைப் பத்து மீட்டர் தள்ளிக் காட்டினால் போதும், கணக்கில் ஒரு நிமிஷம் பாறை மேல் இருப்பீர்கள், மறு நிமிஷம் பள்ளத்தில் கிடப்பீர்கள்! சாலை ஒரே சீராக ஏறினாலும் கணக்கு குதிகுதியென்று குதிக்கும்.

மேம்பாலத்தில் கதையே தலைகீழ். சென்னைக்காரர்களுக்கு மலை என்றால் மேம்பாலம்தானே? கத்திப்பாரா மேம்பாலம் முழுசாகத் திறக்கப்பட்டது 2008-ல். 2000-ல் எடுத்த பதிவுக்கு அந்தப் பாலம் எப்படித் தெரியும்? நீங்கள் மூச்சு முட்ட மிதித்து ஏறியிருப்பீர்கள். வரைபடக் கணக்கோ, "இங்கே சமதரைதான்" என்று சாதித்துவிடும்.

ஒரு உயரத்தைச் சரியாக அளப்பது அப்படியொன்றும் சுலபமான வேலை இல்லை. 1802 ஏப்ரல் 10 அன்று லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி நம் பரங்கிமலையில்தான் இந்தியாவின் மகத்தான நில அளவையைத் தொடங்கினார். தலைமுறைகள் தாண்டித் தொடர்ந்த அந்த அளவை, 1856-ல்தான் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் திருத்திக்கொண்டே இருந்தார்கள். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 மீட்டர் என்று அறிவித்தன. ஒரே ஒரு சிகரத்துக்கு இத்தனை பொறுமை. உங்கள் செல்போன் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான உயரங்களை அளந்து தள்ளுகிறது. அதை அந்த அளவுக்குத்தான் நம்ப வேண்டும்.

குவித்த படியும் தலைதட்டிய படியும்

"ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் தப்பு வந்தால் என்ன குடிமுழுகிப்போகும்?" என்று நீங்கள் கேட்கலாம். உயரத்தில் வந்தால் ஒன்றும் ஆகாது. மொத்த ஏற்றத்தில்தான் ஆபத்து.

வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாத கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாசக் கடைசியில் அந்த நோட்டுப்படி நாம் எல்லோரும் கோடீஸ்வரர்கள்! மொத்த ஏற்றம் அப்படிப்பட்ட நோட்டு. கருவி தப்பாக ஒரு மீட்டர் மேலே காட்டினால் அதைக் கூட்டிக்கொள்ளும். அடுத்த நிமிஷம் தப்பாக ஒரு மீட்டர் கீழே காட்டினால் அதைக் கழிக்காது. சமதரையில் ஒரு மணி நேரத்தில் நூறு தடவை இப்படி ஆடினால், நீங்கள் ஏறாமலேயே 100 மீட்டர் ஏறியாகிவிட்டது.

இது ஆப் தயாரிப்பவர்களுக்கும் தெரியும். அதனால் சின்னச் சின்ன ஆட்டங்களைத் தள்ளிவிடுகிறார்கள். எவ்வளவு சின்னதைத் தள்ளுவது? இங்கேதான் ஆளுக்கு ஒரு நியாயம். அரிசியைப் படியில் அளக்கும்போது ஒருவர் குவித்து அளப்பார், ஒருவர் தலைதட்டி அளப்பார். படி ஒன்றுதான், அரிசி ஒன்றுதான், வீட்டுக்கு வந்து சேரும் அளவு வேறு. தாராளமாகக் குவித்து அளக்கும் ஆப்பில் பொய் ஏற்றமும் சேர்ந்துகொள்ளும். கறாராகத் தலைதட்டும் ஆப்பில் நீங்கள் நிஜமாக ஏறிய சின்ன மேடுகளும் காணாமல் போகும். எது சரி என்றால், இரண்டும் சரி, இரண்டும் தப்பு. ஆகவே, "உங்களுக்கு எத்தனை மீட்டர், எனக்கு எத்தனை மீட்டர்" என்று இரண்டு பேர் ஒப்பிட்டுக்கொள்வது, அவர் வீட்டுப் படியையும் இவர் வீட்டுப் படியையும் வைத்து வியாபாரம் பேசுவது மாதிரி.

ஒரு முழங்காலின் கதை

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வைத்தியசாலைக்கு இது சிரித்துக்கொண்டு வருவதில்லை.

வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், வயது 54, மனைவியோடு வந்தார். இரண்டு வருஷமாகச் சைக்கிள் ஓட்டி, எடையையும் சர்க்கரையையும் அழகாகக் கட்டுக்குள் கொண்டுவந்த மனிதர். இப்போது வலது முழங்கால் வீங்கி, மாடிப்படி இறங்க முடியவில்லை.

"என்ன சார் பண்ணினீங்க?"

"நாங்க நாலு நண்பர்கள் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை போட்டி. யார் நிறைய ஏறுறாங்கன்னு பார்ப்போம். நானும் இன்னொருத்தரும் பக்கத்துல பக்கத்துலதான் ஓட்டினோம். அவர் போன்ல 310 மீட்டர், என் வாட்ச்ல 140 மீட்டர். அதான் நான் இன்னும் கொஞ்சம் கூட்டலாம்னு..."

அதற்குள் அந்த அம்மா குறுக்கிட்டார். "மேம்பாலத்துல இருபது தடவை ஏறி இறங்குறார் டாக்டர். டீக்கடைக்காரர்கூட, 'சாருக்கு ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா'ன்னு என்கிட்ட கேக்கிறார்!"

கணக்குப் பார்த்தேன். மேம்பாலம் சுமார் 7 மீட்டர் உயரம். இருபது தடவை ஏறினால் 140 மீட்டர். ஆக, இவருடைய வாட்ச் சொன்னதுதான் நியாயமான கணக்கு. நண்பரின் போன் குவித்து அளந்திருக்கிறது. அந்த இல்லாத 170 மீட்டரைப் பிடிப்பதற்காக இவர் கனமான கியரில், நின்றுகொண்டு மிதித்து மிதித்து, வாரா வாரம் முழங்காலைத் தேய்த்திருக்கிறார். எங்கள் வைத்தியத்தில் அழல் கீல்வாயு என்று சொல்லும் மூட்டுத் தேய்மானத்தின் ஆரம்பம் அவருக்கு ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதைப் போய்க் கிளறிவிட்டார்.

நண்பருக்கும் நஷ்டம் உண்டு. ஏறாத 170 மீட்டருக்கு, முன்னே சொன்ன கணக்குப்படி, மூன்று இட்லி அதிகம். சர்க்கரை உள்ளவர் அதை நம்பி வாரா வாரம் சாப்பிட்டால், மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

அப்போ, அளக்கவே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். "அதெல்லாம் எதுக்கு, உடம்பு சொல்றதைக் கேட்டால் போதாதா?" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். போதாது என்பது என் அபிப்பிராயம். உடம்பு பல சமயம் தாமதமாகச் சொல்லும். முழங்கால் மறுநாள் காலையில்தான் பேசும். சிலருக்கு இருதயம் முன்னறிவிப்பே கொடுப்பதில்லை. வாட்ச் எண் தப்பாக இருந்தாலும், எத்தனை தப்பு என்று தெரிந்தவனுக்கு அது உதவும்.

கிலோமீட்டரை மட்டும் நம்புவது அதைவிட மோசம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 46 கிலோமீட்டர் ஓட்டியவர், "அதே தூரம்தானே" என்று மேட்டுப்பாளையத்தில் கிளம்பினால் என்ன ஆகும்? மலை ரயில் போகும் 46 கிலோமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் கடல்மட்டத்துக்கு மேல் 326 மீட்டர், உதகமண்டலம் ஸ்டேஷன் 2,203 மீட்டர். வித்தியாசம் 1,877 மீட்டர். கல்லாறு தாண்டினால் ரயிலே பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. சாலை வழியும் அதே மலையைத்தான் ஏற வேண்டும். போதாக்குறைக்கு ஊட்டி உயரத்தில் காற்றின் அழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குதான். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேக நேரமாகும் என்பது இல்லத்தரசிகளுக்குத் தெரியும். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்புக்கே அந்தக் கதி என்றால், ஐம்பது வயது நுரையீரல் மட்டும் கஷ்டப்படாதா?

ஆகவே அளங்கள். ஆனால் இப்படி அளங்கள்.

1. எப்போதும் ஒரே கருவி, ஒரே ஆப். புது செல்போன் மாற்றினால் பழைய கணக்கோடு ஒப்பிடாதீர்கள்.

2. புறப்படும்முன் உயரத்தைத் திருத்துங்கள். நம் ரயில்வே ஸ்டேஷன்கள் பலவற்றில் மஞ்சள் பலகையின் அடியில் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். அங்கே நின்று வாட்ச்சைச் சரிசெய்துகொள்ளலாம். பைசா செலவில்லை.

3. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வாருங்கள். ஏறிய மொத்தமும் இறங்கிய மொத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 30 மீட்டர் வித்தியாசம் வந்தால், அன்றைய கணக்கில் குறைந்தபட்சம் அத்தனை பொய் இருக்கிறது என்று அர்த்தம்.

4. ஒரே பாதையில் மூன்று நாள் ஓட்டி, மூன்றின் சராசரியை எழுதுங்கள். 137 என்று எழுதாதீர்கள், 150 என்று எழுதுங்கள். கருவிக்கு இல்லாத துல்லியத்தை நாம் அதற்குக் கொடுக்க வேண்டாம்.

5. மலைப்பாதைக்குப் போகிறவர்கள் சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தைப் பாருங்கள். அதில் 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு இருக்கும். சாலை ஏறுமுகத்தில் எத்தனை கோடுகளைத் தாண்டுகிறது என்று எண்ணி 20-ஆல் பெருக்கினால், போவதற்கு முன்பே ஏற்றம் சுமாராகத் தெரிந்துவிடும். செல்போன் போய்வந்த பிறகு சொல்வதைவிட இது எத்தனையோ மேல்!

ஏற்றமும் ஒரு மருந்துதான்

மாத்திரை என்ற சொல்லுக்கே அளவு என்றுதான் பொருள். மருந்துக்கு அளவு மட்டும் போதாது, அனுபானமும் வேண்டும். ஒரே சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது ஒரு விதம், வெந்நீரில் கொடுப்பது ஒரு விதம். 300 மீட்டர் ஏற்றமும் அப்படியே. அதை 30 கிலோமீட்டரில் பரப்பி, இளவெயிலில், லேசான கியரில் ஏறினால் டானிக். அதையே 4 கிலோமீட்டரில், உச்சிவெயிலில், கனமான கியரில் ஏறினால் விஷம்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மொத்த ஏற்றத்தைக் கிலோமீட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது தாண்டிப் புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் ஒன்றிரண்டு மாதங்கள் கிலோமீட்டருக்கு 10 மீட்டருக்கு மேல் போக வேண்டாம். 20 கிலோமீட்டர் ஓட்டினால் மொத்தம் 200 மீட்டருக்குள் இருக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இதற்கு முன் ரத்த அழுத்தமும், இ.சி.ஜி.யும் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஏறும்போது லேசான கியர் போட்டு, நிமிஷத்துக்கு 70, 80 சுற்று வருகிற மாதிரி மிதியுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டிக்குத்தான் முதல் அடி. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. இறங்கும்போது ஒரே பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள். சக்கர விளிம்பு கொதிக்கும். நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள்.

ரத்த அழுத்தத்துக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு ஏறும்போதும் நாடி அவ்வளவாக உயராது. அவர்கள் வாட்ச் காட்டும் துடிப்பை நம்பி, "நமக்கு ஒன்றும் இல்லை" என்று நினைக்கக் கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்பவே கூடாது. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'வாய்வாக இருக்கும், சுக்குக் கஷாயம் போட்டுப் பார்க்கலாம்' என்று உட்காராதீர்கள். சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன்.

மறுநாள் காலை எழுந்ததும், காப்பிக்கு முன்னால், ஒரு நிமிஷம் நாடியை எண்ணுங்கள். வழக்கத்தைவிடப் பத்து அதிகம் என்றால் அன்று சைக்கிளுக்கு லீவு.

எங்கள் வைத்தியத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்த்த பிறகுதான் வைத்தியன் வாய் திறக்க வேண்டும். நாடி ஒன்றையே பார்த்து மருந்து கொடுத்துவிடக் கூடாது. அப்படியிருக்க, சட்டைப்பையில் குலுங்கும் ஒரு செல்போன் சொல்லும் ஒற்றை எண்ணை வைத்து நம் உடம்பின் திறமையை எடைபோடலாமா? அந்த எண்ணும் எட்டோடு ஒன்பதாவதாக இருந்துவிட்டுப் போகட்டும். நோட்டில் தேதி, தூரம், ஏற்றம் எழுதும்போது பக்கத்திலேயே ராத்திரித் தூக்கம், முட்டிவலி, பசி என்று இன்னும் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சைக்கிளில் போனவர் வேர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்றதும், "இன்னிக்கு எத்தனை மீட்டர்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அடுத்த வாரம் இன்னும் கூட்டத்தான் பார்ப்பார். "முட்டி வலிக்குதா? படி ஏறி வர முடியுதா?" என்று கேளுங்கள். அந்தப் படிக்கட்டைவிட நேர்மையான அளவுகோல் எந்தக் கடையிலும் கிடைக்காது.